மிமோசா கடை மூடிய மாலை

நான் கதை எழுதுகிறவள் இல்லை. பல் டாக்டர் ஒருவரிடம் வரவேற்பில் வேலை பார்க்கிறேன். இதை நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஒன்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். பொய் சொல்வதாக இருந்தால், என்னை நல்லவளாகக் காட்டுகிற பொய்யாகப் பார்த்துச் சொல்லியிருப்பேன்.

எங்கள் ஊர் ஜப்பானில் இச்சினோமியா. ரயில் நிலையத்திலிருந்து கொஞ்ச தூரத்தில், மேலே கூரை போட்ட கடைத்தெரு ஒன்று இருக்கிறது. அதன் நடுவில்தான் 'மிமோசா' இருந்தது. சிவப்பு வெல்வெட் நாற்காலிகள், மங்கலான மஞ்சள் விளக்கு, பாதி கண்ணாடியும் பாதி மரமுமாக ஒரு கதவு. கடைக்காரர் குரோயானகியை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம், எண்பது வயது. துணிப்பையில் சொட்டுச் சொட்டாகத்தான் காப்பி வடிப்பார். அவசரப்படுத்தினால் இன்னும் மெதுவாக வடிப்பார். காலையில் ஒரு காப்பி வாங்கினால், கெட்டியாக வெட்டிய ரொட்டியும் அவித்த முட்டையும் கூடவே வரும்.

இருபது வருஷம், தினமும் வேலைக்குப் போகுமுன் அங்கேதான் காலைச் சாப்பாடு எனக்கு. இந்த ஊருக்கு நான் புருஷனைப் பிரிந்து தனியாக வந்தவள். வந்த புதிதில் மிமோசாவில் உட்கார்ந்து, பேப்பரை முகத்துக்கு நேரே விரித்துக்கொண்டு அழுவேன். பக்கத்து மேசையில் ஒரு மனிதர். நிவா என்று பெயர், மரியாதையாக நிவா சான் என்போம். துணி மில்களில் தறி மெஷின் ரிப்பேர் பார்ப்பவர். என்ன ஏது என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. தன் முட்டையை உரித்து, என் தட்டில் வைப்பார்.

"சாப்பிடும்மா. அழுறதுக்கும் தெம்பு வேணும்ல."

எத்தனையோ மாதம் அவர் முட்டை எனக்குத்தான் வந்தது. அழுகை நின்ற பிறகும் வந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நிலையத்துக்கு எதிரே புதிதாக ஒரு காப்பிக் கடை திறந்தார்கள். பெரிய கம்பெனிக் கடை. கேட்ட நிமிஷமே கிடைக்கும், செல்போன் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம். ஒரு நாள் தாமதமானபோது போனேன். மறுநாளும் போனேன். அப்புறம் மாஸ்டர் கண்ணில் படாமலிருக்க, கடைத்தெரு வழியாகப் போகாமல் பின்பக்கச் சந்தில் சுற்றிப் போக ஆரம்பித்தேன்.

நான் மட்டுமா என்றால், இல்லை. ஆனால் நானும்தான்.

புது வருஷம் பிறந்ததும் மிமோசா கதவில் ஒரு அட்டை தொங்கியது. பிப்ரவரியோடு கடையை மூடுவதாக. அதைப் பார்த்த பிறகு எல்லோரும் திரும்பி வந்தோம். கடைசி சனிக்கிழமை கடைத்தெருவில் வரிசை நின்றது. வேலை முடிந்து நான் போய்ச் சேர்ந்தபோது மாலை ஆகிவிட்டது. வரிசையில் நிற்க வெட்கமாக இருந்ததால், நேரே உள்ளே போய்க் கப்புகளைக் கழுவ ஆரம்பித்தேன். பக்கத்துப் பூக்கடை கினுயோ அக்காவும் ஏற்கெனவே கழுவிக்கொண்டிருந்தாள். அவளுக்கு எப்போதும் கொஞ்சம் காரமான வாய்.

"வாடி ரித்சுகோ. சாவு வீட்டுக்கு மட்டும் தவறாம வர்ற சொந்தக்காரி மாதிரி வந்துட்ட. இந்தக் கூட்டத்துல பாதி போன வருஷம் வந்திருந்தா இந்தாளு கடைய மூடியிருப்பாரா?"

நான் அடுத்த கப்பை எடுத்துக் கழுவினேன்.

ஐந்து மணிக்கு மாஸ்டர் கதவில் இருந்த பலகையைத் திருப்பி மாட்டினார். கடைசி ஆளும் போன பிறகு மாஸ்டர், கினுயோ அக்கா, நான் மூன்று பேர்தான். சுவர்கள் மொட்டையாக இருந்தன. ஞாபகத்துக்கு என்று கேட்டவர்களுக்கெல்லாம் மாஸ்டர் சாமான்களைக் கொடுத்துவிட்டார். சுவர்க் கடிகாரம் கினுயோ அக்காவுக்கு. அதைக் கழற்றித் துணியில் சுற்றி வைத்திருந்தாள்.

கல்லாவுக்குப் பின்னால் இருந்த சுவரில் மட்டும் ஆணிகள் வரிசையாக இருந்தன. எங்கள் ஊர்க் காப்பிக் கடைகளில் மொத்தமாகப் பணம் கட்டிச் சீட்டு வாங்கி வைக்கிற வழக்கம் உண்டு. சீட்டுக் கொத்து நம் பெயரோடு அந்தச் சுவரில் தொங்கும். காப்பி குடிக்கும்போது ஒன்றைக் கிழிப்பார்கள். அந்த வாரம் முழுக்க ஆட்கள் வந்து தங்கள் சீட்டுகளைக் குடித்து முடித்திருந்தார்கள். எல்லா ஆணியும் காலி.

ஒன்றைத் தவிர. 'நிவா' என்று எழுதிய ஆணியில் ஒரே ஒரு சீட்டு தொங்கியது.

நிவா எங்கே என்று கேட்டேன். டிசம்பரிலேயே யோகோஹாமாவுக்கு, மகன் வீட்டுக்குப் போய்விட்டார் என்றாள் கினுயோ அக்கா. பெண்டாட்டி போன பிறகு அந்தப் பெரிய வீட்டில் தனியாகக் குளிரில் கிடக்க வேண்டாம் என்று மகன் கூட்டிக்கொண்டு போனானாம்.

"அந்தக் கதகதப்ப விட்டுட்டு ஒரு காப்பிக்காக வருவாராக்கும்" என்றாள்.

மாஸ்டர் துணிப்பையை அலசிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை. "வரேன்னு சொல்லிட்டுத்தான் போனாரு" என்று மட்டும் சொன்னார்.

டப்பாவில் இன்னும் ஒரு கப்புக்குத் தூள் இருந்தது. எனக்கு ஆசை வந்துவிட்டது. இனிமேல் இந்தக் காப்பி கிடையாது. என் பெயரில் சீட்டு இல்லை, இரண்டு வருஷமாக வாங்கவில்லையே. காசு கொடுக்கப் போனேன். மாஸ்டர் கையை ஆட்டினார். கல்லாவைக் கணக்கு முடித்துப் பூட்டியாகிவிட்டதாம்.

அப்போதுதான் அதைச் செய்தேன். கை தானாகப் போனது என்று சொல்ல மாட்டேன். யோசித்துத்தான் செய்தேன். எட்டி, நிவாவின் ஆணியிலிருந்த சீட்டைக் கிழித்து மாஸ்டர் முன்னால் வைத்தேன்.

"நிவா சான் வாங்கிக் குடுத்ததா இருக்கட்டும்."

கினுயோ அக்கா சிரித்தாள். நானும் சிரித்தேன். மாஸ்டர் சிரிக்கவில்லை. சீட்டை ஒரு முறை பார்த்தார். அடுப்பைப் பற்றவைத்து வெந்நீர் போட்டார்.

காப்பி நன்றாக இருந்தது. அதைச் சொல்லத்தான் வேண்டும். ரொம்ப நன்றாக இருந்தது.

கினுயோ அக்கா கடிகாரத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கிளம்பினாள். கடைத்தெருக்காரர்களுக்கு நன்றி சொல்லிவிட்டு வருவதாக, பிஸ்கட் டப்பாக்கள் நிறைந்த பையோடு மாஸ்டரும் கிளம்பினார். குளிருக்கு வைத்த மண்ணெண்ணெய் அடுப்பு எரிகிறது, பார்த்துக்கொள் என்றார். கடை திறந்திருக்கிறதென்று யாராவது வந்துவிடுவார்கள், உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள் என்றார்.

போட்டேன். என் கைக்கடிகாரத்தில் மணி ஐந்தே முக்கால்.

குடித்த கப்பைக் கழுவினேன். துடைத்து வைத்தேன். வெளியே கடைத்தெருவின் விளக்கு வெளிச்சம் கதவுக் கண்ணாடியில் வெள்ளையாகத் தெரிந்தது. இபுகி மலைக் காற்று மேலே கூரைத் தகட்டை லேசாக ஆட்டிக்கொண்டிருந்தது. வழக்கமான சத்தம்தான்.

கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு சத்தம் காதில் விழுந்தது.

டிக்... டக்... டிக்... டக்...

சுவர்க் கடிகாரம். அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. இருபது வருஷமாகக் கேட்ட சத்தமாதலால் முதலில் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. துண்டை உதறிக் காயப்போட்டேன். திரும்பிச் சுவரைப் பார்த்தேன்.

கடிகாரம் இருந்த இடத்தில் வெளிறிய வட்டம் மட்டும் இருந்தது.

சத்தம் நிற்கவில்லை. கூர்ந்து கேட்டால், எங்கள் கடிகாரத்தின் சத்தமும் இல்லை அது. இன்னும் கனமாக, மரப்பெட்டிக்குள்ளிருந்து வருவது போல...

பக்கத்துக் கடையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அடுப்புக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

கால் சில்லிட்டது.

முகத்திலும் கையிலும் அடுப்பின் சூடு. கணுக்காலுக்குக் கீழே மட்டும் பனி. தரையோடு தரையாக ஒரு குளிர் என் காலைச் சுற்றிக்கொண்டு கிடந்தது. கதவிடுக்கில் வருகிற காற்று என்றால் அசையுமே. இது அசையவில்லை. கிடந்தது.

அப்புறம் வாசனை. இத்தனை வருஷக் காப்பி ஊறிய அறை அது. அந்த வாசனைக்கு நடுவே, புதிதாக மூடி திறந்த ஷூ பாலீஷ் வாசனை.

நான் எழுந்து நின்றேன்.

டக்.

கதவு.

டக்... டக்.

மாஸ்டர் அதற்குள் வந்துவிட்டாரா? "இதோ வரேன்" என்று இரண்டடி வைத்தேன். நின்றுவிட்டேன்.

கதவின் கண்ணாடியில் நிழல் இல்லை. வெறும் வெள்ளை வெளிச்சம். யாராவது நின்றால் தெரியும். குழந்தை நின்றால்கூடத் தலை தெரியும்.

டக்.

சத்தம் வந்தது கீழே இருந்து. கதவின் அடிப் பலகையிலிருந்து. தரைக்கு ஒரு சாண் உயரத்தில்.

படுத்துக்கொண்டு தட்டினால் அப்படிக் கேட்கும்.

நாய் என்று சொல்லிக்கொண்டேன். நாய் அப்படித் தட்டாது என்பது எனக்குத் தெரியும். ஒரு தட்டல். இடைவெளி. மூச்சு வாங்குவது போல ஓர் இடைவெளி. மறுபடியும் ஒரு தட்டல்.

பிறகு காலடிச் சத்தம் கேட்டது. யாரோ நடந்து வருகிறார்கள்.

சரக்... சரக்... சரக்...

சரளைக்கல்லில் நடக்கிற சத்தம்.

எங்கள் கடைத்தெருவில் தரை முழுக்க ஓடு பதித்திருக்கிறார்கள். சரளைக்கல் கிடையாது. ஒரு பிடிகூடக் கிடையாது.

காலடி கதவுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றது.

கண்ணாடியில் நிழல் இல்லை.

ஒரு குரல். வயதான பெண் குரல். சற்று நடுக்கத்தோடு.

"நிவா சான்... உள்ள இருக்கீங்களா?"

கல்லா மேல் அந்தச் சீட்டு கிடந்தது. நான் கிழித்த சீட்டு. அவர் பெயரை யார் சொன்னார்கள் இந்தக் கதவுக்கு வெளியே? எனக்குத் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். அவருடைய காப்பியை நான் குடித்துவிட்டேன். அதைக் கேட்கத்தான் வந்திருக்கிறது... எதுவோ ஒன்று.

"நிவா சான்?"

தாழ்ப்பாள் நான்கு அடி தூரத்தில் இருந்தது. திறந்திருக்கலாம்.

நான் திறக்கவில்லை. வாயைத் திறந்தேன்.

"மூடியாச்சு."

டக்... என்று கீழே மெதுவாக.

நான் சத்தமாகச் சொன்னேன். கிட்டத்தட்டக் கத்தினேன்.

"மூடியாச்சு. போங்க."

சரக்... சரக்... சரக்...

காலடி போய்விட்டது.

அப்பாடா என்று மூச்சு விட்டேன். அந்த மூச்சு முடிவதற்குள்...

டக்.

கீழே. அடிப் பலகையில். அது போகவில்லை.

டக்.

முன்னைவிட மெதுவாக.

நான் கல்லாவுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன். அதற்குப் பிறகு எத்தனை முறை தட்டியதோ தெரியாது. நான் கேட்கவில்லை. கேட்கக்கூடாது என்றுதானே பொத்திக்கொண்டேன்.

கண்ணாடியில் மாஸ்டரின் நிழல் விழுந்தபோது மணி ஆறே கால். தோள் உயரத்தில் தட்டினார். "ரித்சுகோ, நான்தான்" என்றார். திறந்தேன்.

வெளியே யாராவது நின்றார்களா என்று கேட்டேன். யாருமில்லை என்றார். எதிர்ப்பக்கம் இனிப்புக் கடை வாசலில்தான் இவ்வளவு நேரமும் பேசிக்கொண்டிருந்தாராம், கடைசியாக ஒருமுறை என்று தன் கடைக் கதவையே பார்த்துக்கொண்டு. ஒரு ஈ காக்கைகூடக் கதவுப் பக்கம் வரவில்லை என்றார்.

கோட்டை எடுத்து மாட்டினேன். அப்போது மாஸ்டர் மூக்கை உறிஞ்சினார்.

"இங்க யாரு ஷூ பாலீஷ் போட்டது?"

திங்கட்கிழமை மத்தியானம் கினுயோ அக்கா போன் செய்தாள். அவள் குரலில் காரம் இல்லை.

நிவா செத்துப்போய்விட்டார். யோகோஹாமாவில் இல்லை. இங்கே, தன் சொந்த வீட்டில்.

கடையின் கடைசி நாளுக்கென்றே வெள்ளிக்கிழமை இரவு ஊருக்கு வந்திருக்கிறார். யாருக்கும் சொல்லவில்லை. சனிக்கிழமை கோட்டும் டையும் போட்டுக்கொண்டு, வாசல் கதவுக்கு உள்ளே நடையில் உட்கார்ந்து ஷூவுக்குப் பாலீஷ் போட்டிருக்கிறார். எழுந்திருக்கும்போது படியில் சறுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. போன் உள் அறையில். ஞாயிற்றுக்கிழமை முழுக்க மகன் போன் செய்து பார்த்து, எடுக்கவில்லை என்றதும் போலீசுக்குச் சொல்லி, திங்கள் காலையில் கதவைத் திறந்தார்களாம். ஒரு காலில் ஷூ போட்டிருந்தது. இன்னொன்று கையில் இருந்தது. அதன் குதிகாலால் கதவின் அடிப் பலகையைத் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறார். பலகை முழுக்கக் கறுப்பு மையாம்.

எப்போது உயிர் போனது என்று கேட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை என்று டாக்டர் சொன்னாராம்.

நான் போனை வைத்துவிட்டுப் பல் டாக்டரின் கிளினிக் கழிவறையில் போய் உட்கார்ந்தேன். செத்தவர் ஆவியாக வந்தார் என்றால் நான் பயந்திருப்பேன், அவ்வளவுதான். சாமி கும்பிட்டு, ஊதுபத்தி ஏற்றி, மறந்தும் போயிருப்பேன். சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு அவர் சாகவில்லை. அதற்குப் பிறகும் ஓர் இரவு முழுக்க அவருக்கு உயிர் இருந்தது.

துக்கத்துக்குப் போனேன். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், சைக்கிளில் கால் மணி நேரம். அந்த வீட்டுக்கு அதற்கு முன் நான் போனதில்லை. கேட்டைத் திறந்து கால் வைத்தேன்.

சரக்.

வாசல் வரைக்கும் சரளைக்கல். நடையில் ஓர் ஆள் உயரக் கடிகாரம், மரப்பெட்டிக்குள் கனமாக ஓடிக்கொண்டிருந்தது. மாஸ்டர் எனக்கு முன்னால் வந்து, மூலையில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டிருந்தார். மகன் ஊதுபத்தித் தட்டுக்குப் பக்கத்தில் இருந்தான். நான் அவன் முன்னால் குனிந்து, இந்த மாதிரி இடத்தில் எல்லோரும் சொல்கிற இரண்டு வாக்கியங்களை மெல்லிய குரலில் சொன்னேன்.

வந்தவர்களுக்கு ஒரு வயதான அம்மாள் டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரி, இசோமுரா என்று பெயர். நான் பேசியதும் அவள் கை நின்றுவிட்டது. கப் நிரம்பித் தட்டில் வழிந்தது. அவள் கவனிக்கவில்லை. என்னையே பார்த்தாள்.

நான் கிளம்பும்போது பின்னாலேயே வந்தாள். சரளைக்கல்லில் அவள் காலடி கேட்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

சனிக்கிழமை பொழுது சாயும் நேரத்தில் நிவா வீட்டிலிருந்து தட்டுகிற சத்தம் கேட்டதாகச் சொன்னாள். ஊரில் இல்லாத மனிதரின் வீட்டில் என்ன சத்தம் என்று வந்து பார்த்தாளாம். வாசலில் நின்று இரண்டு தடவை பெயர் சொல்லிக் கூப்பிட்டாளாம். உள்ளே இருந்து ஒரு பொம்பளைக் குரல் பதில் சொன்னதாம். சரி, மருமகள் வந்து வீட்டை ஒழித்து மூடுகிறாள் போலிருக்கிறது, என்ன இவ்வளவு வெடுக்கென்று பேசுகிறாளே என்று மனசு கசந்து திரும்பிவிட்டாளாம். போலீசிடம் சொன்னபோது மருமகள் அன்றைக்கு யோகோஹாமாவை விட்டு நகரவே இல்லை என்றார்களாம். வயசாகிவிட்டது, காது சரியில்லை என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்களாம்.

"என் காது நல்லாத்தான் இருக்கு" என்றாள். குரலில் கோபமே இல்லை. அவளுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். "மூடியாச்சு, போங்கன்னு சொன்னீங்களே. அன்னிக்கு உள்ள இருந்தது நீங்கதானேம்மா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.

சொன்னால், அந்தக் குரலை அவள் மறுபடியும் கேட்பாள்.

ஒன்றும் பேசாமல் குனிந்து வணங்கிவிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டேன்.